ஜிம்மி நோலன் யார்? அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுகளில் கேட்கும் அந்த 'சிக் சிக்' கிட்டார் அவருடையதா?

ஆமாம், பெரும்பாலும் அவருடையதுதான். 1934-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தவர். தொடக்கத்தில், கிட்டார் கலைஞர் டி-போன் வாக்கர் பாணியில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) வாசித்தார். லாஸ் ஏஞ்சலஸ் போனபின் ஜானி ஓட்டிஸ் குழுவில் சில ஆண்டுகள். அப்புறம் 1965-ல் ஜேம்ஸ் பிரவுனிடம் சேர்ந்தார். அந்த ஆண்டு வந்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டில் விட்டுவிட்டு வெட்டுகிற கிட்டார் இவர் கைதான்.

அந்தப் பாணிக்கு 'சிக்கன் ஸ்க்ராட்ச்' என்று பெயர். கோழி குப்பையைக் கிளறுகிற சத்தம்! வலது கை, பிரிட்ஜுக்கு (கிட்டார் உடல்மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில், நிற்காமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். சூட்சுமம் இடது கையில். கார்டை (chord, பல சுரங்கள் சேர்ந்த பிடி) முழுதாக அழுத்தாமல் விரலைத் தந்திமேல் சும்மா வைத்தால் 'சிக்' என்ற வறட்டுச் சத்தம் மட்டும் வரும். ஒரு கணம் அழுத்தி விட்டால் சுரம் பளிச்சென்று எட்டிப்பார்க்கும். கேட்க எளிது. நான் முயன்றபோது இரண்டே நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சியது. கிட்டாரைக் கிட்டத்தட்ட டிரம்ஸாக மாற்றியவர் என்றே சொல்வேன்.

1970-ல் குழுவினர் பலர் பிரவுனை விட்டுப் போனபோது இவரும் போனார். இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிட்டார். 1983 டிசம்பரில் அட்லாண்டாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 49. அதுவரை பிரவுன் குழுவில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.