மணற்பாறையில் மேலிருந்து மட்டும் கயிறு ஏன்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறை நாளில் ஹாரிசன்ஸ் ராக்ஸ் என்ற இடத்துக்குப் பாறை ஏறப் போகிறான். அங்கே கயிற்றை மேலே உச்சியில் கட்டித்தான் ஏறவேண்டுமாம். பத்து மீட்டர் பாறைக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு? (ஈஸ்ட் ஹாம் வாசகி, லண்டன்)

பதில்: உயரத்தில் ஒன்றும் இல்லை அம்மா, கல்லில்தான் விஷயம். தென்கிழக்கு இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகே க்ரூம்பிரிட்ஜ் காட்டுக்குள் இருக்கும் அந்தப் பாறை மென்மையான மணற்கல். வெளிப்புறம் மட்டும் மெல்லிய ஓடாக இறுகியிருக்கும். ஓடு பெயர்ந்தால் உள்ளே இருப்பதை நகத்தால் சுரண்டி எடுக்கலாம்.

1926-இல் பாறையேற்ற வீராங்கனை நியா மோரினும் நண்பர்களும் அங்கே ஏறத் தொடங்கினார்கள். லண்டனிலிருந்து ரயிலில் வந்து போகும் தூரம் என்பதால் கூட்டம் சேர்ந்தது. 1936-இல் வழிகளைத் தொகுத்த கையேடும் வந்தது. 1958-இல் ஏறுவோருக்காகவே பாறை விலைக்கு வாங்கப்பட்டது. இப்போது பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சிலின் பொறுப்பில் இருக்கிறது.

இத்தனை ஆண்டுக் கூட்டத்தின் தடம் உச்சி விளிம்பில் தெரியும்: கயிறு ஓடி ஓடி அறுத்த பள்ளங்கள். சில இடங்களைச் சிமென்ட் கலவை வைத்து அடைக்க வேண்டியதாயிற்று. பாறை இடுக்கில் உலோகக் கொக்கிகளைச் செருகிக்கொண்டே ஏறும் முறையும் இங்கே கிடையாது. விழுந்தால் கொக்கி பிடுங்கிக்கொள்ளும், ஓடும் உடைந்து வரும்.

கேள்வி: அப்படியானால் கயிற்றை எப்படிக் கட்டுவது? (அவரே)

பதில்: உச்சியில் பதித்திருக்கும் போல்ட்டில், நீளாத ஸ்டாட்டிக் கயிற்றால் நங்கூரம் போடவேண்டும். போல்ட் விளிம்புக்குப் பின்னால் தள்ளியிருப்பதால் சில மீட்டர் கூடுதலாகவே எடுத்துப் போகட்டும். அந்தக் கயிற்றின் நுனியில் பூட்டும் கேராபைனர் (திறந்து மூடும் உலோக வளையம்) இரண்டை, வாய்கள் எதிரெதிராக இருக்கும்படி மாட்டி, விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கவிட வேண்டும். ஏறுபவரிடமிருந்து மேலே போய்க் கீழே நிற்பவர் கைக்குத் திரும்பும் ஏறும் கயிறு இந்தக் கேராபைனரில்தான் ஓடவேண்டும், கல்லில் படவே கூடாது. நங்கூரக் கயிறு விளிம்பில் படியும் இடத்தில் தடித்த கம்பளத் துண்டு ஒன்றை வைக்கட்டும்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். கேராபைனர் விளிம்பின் மேலேயே கிடந்தால் கயிறு ரம்பம் போலக் கல்லை அறுக்கும். நங்கூரத்துக்கும் நீளும் டைனமிக் கயிற்றையே போட்டால், ஒவ்வொரு முறை எடை ஏறும்போதும் அது நீண்டு சுருங்கி அதே அறுப்பைச் செய்யும். ஆள் ஏறுமுன் கீழிருந்து கயிற்றை இழுத்துப் பார்ப்பது நல்லது. உரசல் சத்தம் கேட்டால் மேலே போய்க் கேராபைனரை இன்னும் இறக்க வேண்டும்.

கேள்வி: மழை விட்டதும் ஏறலாமா? (கோவை வாசகர்)

பதில்: கூடாது. நனைந்த மணற்கல் வலு குன்றிவிடும். பிடித்த விளிம்பு கையோடு வரும். மரநிழலில் மேற்பரப்பு உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அடிவார மண் பிசுபிசுத்தால் அன்றைக்கு வேண்டாம்.

வறண்ட நாளிலும் செருப்படி மணலைத் துண்டால் துடைத்துவிட்டே கல்லில் கால் வைக்க வேண்டும். அந்த மணலே உப்புத்தாள். கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி கொஞ்சம் போதும், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். உச்சிக்குப் போனதும் கயிற்றில் தொங்கி இறங்காமல், பக்கத்துப் பாதையில் நடந்து வருவதே அங்குள்ள வழக்கம்.