ராண்டுக்கும் லோட்டிக்கும் மாற்று விகிதம் ஏன் மாறுவதே இல்லை?

1966இல் விடுதலை பெற்ற பின்னும் தென்னாப்பிரிக்க ராண்டையே பயன்படுத்திவந்த லெசோத்தோ, 1980இல் 'மலை' என்று பொருள்படும் லோட்டியைத் தன் சொந்த நாணயமாக வெளியிட்டபோது, 1 லோட்டிக்கு 1 ராண்டு என்று நிர்ணயித்தது. அந்த விகிதம் இன்றுவரை மாறவில்லை. வெளியிடும் லோட்டிகளுக்கு ஈடாக லெசோத்தோவின் மத்திய வங்கி அந்நியச் செலாவணிக் கையிருப்பு வைத்திருப்பதே இதற்கு ஆதாரம்.

ஆனால் இந்தச் சமன்பாடு ஒருவழிப் பாதை என்பதே என் கருத்து. லெசோத்தோவின் தலைநகரான மசேருவின் கடைகளில் ராண்டு தாராளமாகச் செல்லும். எல்லைப் பாலத்தைக் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தால் லோட்டி சட்டப்படி செல்லாது. 1985இலும் 2001இலும் டாலருக்கு எதிராக ராண்டு சரிந்தபோது, பிரிட்டோரியாவில் உள்ள தென்னாப்பிரிக்க மத்திய வங்கியின் வட்டிக் கொள்கையில் எந்த உரிமையும் இல்லாத லெசோத்தோவின் லோட்டியும் அதே அளவு சரிந்தது.