புதுக்கண்ணாடி, பழைய கண் – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 44. கல்லூரிக் காலத்திலிருந்தே இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை பவர். சிலிண்டர் எதுவும் இல்லை. கண்ணாடியால் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. ஒரு வருடமாகக் கண்ணாடியோடு படிக்க முடியவில்லை, எழுத்து கலங்குகிறது. டாக்டர் பார்த்துவிட்டு ப்ரோக்ரெசிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிப் போட்ட நாளிலிருந்து நிம்மதி போயிற்று. படியில் இறங்கினால் படி ஆடுகிறது. கம்ப்யூட்டர் முன்னால் தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலமானால் தலைவலி.

ஆபீஸ் நண்பர் ஒருவர் கண்ணில் லேசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்துகொண்டவர். "பத்து நிமிஷ வேலை, ஜென்மத்துக்கும் கண்ணாடி வேண்டாம்" என்கிறார். தங்கை கண் பயிற்சி வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கண்ணாடியைத் தூக்கி மேஜைக்குள் போட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விடலாமா?

இன்னொன்று. என் ஒன்பது வயது மகளுக்கும் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே பழக்கினால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று மாமியார் பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது.

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து கண்ணாடி போடுகிறவன், அதனால் கண்ணாடியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன், அவ்வளவுதான். உங்கள் கண்ணைச் சோதித்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் மூக்கில் இன்னும் சரியாக உட்காராத ஒரு கண்ணாடியையும், நண்பருக்கு நன்றாக முடிந்த ஒரு ஆபரேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் யாருக்குமே ஆபரேஷன்தான் ஜெயிக்கும். முதலில் கண்ணாடியை ஒழுங்குபண்ணுங்கள். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

படி ஏன் ஆடுகிறது? ப்ரோக்ரெசிவ் லென்ஸில் மேல்பாகம் தூரத்துக்கு, கீழ்பாகம் படிப்பதற்கு. நடுவில் பவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். கோடில்லாமல் இப்படி மாற வேண்டுமென்றால், அந்த நடுப்பாதைக்கு இரண்டு பக்கமும் உருவம் கோணலாகியே தீரும். வளைந்த பரப்பின் கணக்கு அப்படி. 1959இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற பெயரில் இந்த லென்ஸ் கடைக்கு வந்த நாளிலிருந்து, அந்தக் கோணலை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள், பரப்பி மெலிதாக்குகிறார்கள். ஒழிக்க யாராலும் முடியவில்லை, எவ்வளவு விலை கொடுத்தாலும்.

நீங்கள் படி இறங்கும்போது தலையை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் தாழ்த்துகிறீர்கள். அப்போது ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் படியை, 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிப்பதற்கான பவர் வழியாகப் பார்க்கிறீர்கள். ஆடாமல் என்ன செய்யும்? தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, லென்ஸின் மேல்பாகம் வழியாகப் படியைப் பாருங்கள். கைப்பிடியை விட வேண்டாம். பக்கவாட்டில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கண்ணை ஓரத்துக்கு ஓட்டாமல் முகத்தைத் திருப்புங்கள். சில நாள் பொம்மலாட்டம் மாதிரி இருக்கும், அப்புறம் கழுத்து தானாகவே செய்துகொள்ளும்.

அதைவிட எனக்குச் சந்தேகம் கிளப்புவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தாடை விஷயம். கம்ப்யூட்டர் திரை நடுத்தூரத்தில் இருப்பது. அதற்கான பாகம் லென்ஸில் குறுகலானது என்பதால் கொஞ்சம் தாடை தூக்குவது எல்லோருக்கும் உண்டு, திரையைத் தாழ்த்தி வைத்தால் பாதி சரியாகும். ஆனால் புத்தகம் படிக்கவும் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறதென்றால், லென்ஸ் உங்கள் கண்ணுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, அளவெடுத்ததே தப்பு. இல்லையென்றால் ஃப்ரேம் மூக்கில் வழுக்கி இறங்குகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், இத்தனை பாடும் படுத்தும்.

இதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றி லென்ஸை விளக்குக்கு எதிரே லேசாகச் சாய்த்துப் பாருங்கள். லென்ஸின் நடு உயரத்தையொட்டி இடமும் வலமுமாக இரண்டு குட்டிக் குறிகள் பொறித்திருக்கும். நகக்கீறல் அளவுக்குக்கூட இல்லாத வட்டமோ, கம்பெனி முத்திரையோ. இரண்டுக்கும் இடைவெளி 34 மி.மீ. கடைக்காரர் அந்த இரண்டையும் அடையாளம் வைத்து, லென்ஸ் மேலேயே பேனாவால் குறித்து, நீங்கள் நேராகப் பார்க்கும்போது தூரப்பார்வைக் குறி கண்பாப்பாவுக்கு நேரே வருகிறதா என்று சரிபார்க்க முடியும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு பாப்பாவுக்குமான தூரத்தையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. நோஸ் பேடை நெருக்கி, காதுக்குப் பின்னால் வளைவைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு சாயங்காலத் தலைவலி போய்விடும் என்பது என் அபிப்பிராயம். தலைவலிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், இதெல்லாம் செய்தும் போகவில்லையென்றால் பவரைத் திரும்பச் சோதித்துவிடுங்கள்.

சரிசெய்தபின் காலையில் எழுந்ததும் போடுங்கள், தூங்கும்போது கழற்றுங்கள். பழைய கண்ணாடிக்கும் புதுசுக்கும் மாறி மாறித் தாவினால் மூளை எதையும் பழகாது. பழகும் வரை வண்டி ஓட்டுவதற்கு மட்டும் பழையதை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், "பழகிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப விடாதீர்கள்.

மூளையின் பழகும் திறமை சாதாரணமானதில்லை. 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் கட்டிக்கொண்டு, மற்ற கண்ணை மூடிவிட்டு, நாள்கணக்கில் நடமாடினார். முதலில் கையை நீட்டினால் எதிர்ப்பக்கம் போயிற்று. ஒரு வாரத்துக்குள் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கழற்றியபோதுதான் வேடிக்கை, சரியாகத் தெரிகிற உலகம் அவருக்குச் சில மணி நேரம் குழப்பமாக இருந்தது. இதைச் செய்த மூளைக்கு ப்ரோக்ரெசிவ் லென்ஸ் ஒரு பொருட்டே இல்லை, லென்ஸ் சரியான இடத்தில் இருந்தால்.

இருந்தும் சிலருக்கு ப்ரோக்ரெசிவ் ஒத்துவருவதே இல்லை. அவர்களுக்குக் கோடு போட்ட பைஃபோகல் இருக்கிறது. வயதானவர் கண்ணாடி என்று அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நான் சிரிக்க மாட்டேன். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1785இல் பிரான்சிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய் ஒரே வளையத்தில் பாதிப்பாதியாக வைத்துக்கொண்டதைச் சொல்கிறார். சாப்பாட்டு மேஜையில் தட்டும் தெரிகிறது, எதிரே பேசுகிறவரின் முகமும் தெரிகிறது, முகம் தெரிந்தால் அவர்கள் பேசும் பிரெஞ்சும் நன்றாகப் புரிகிறது என்று அதில் ஒரு சந்தோஷம். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி ஒன்றும் நல்ல ஏற்பாடு.

இனி லேசிக். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இதைப் படிக்கும்போதே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு புத்தகத்தை 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து பளிச்சென்று தெரியும். மைனஸ் இரண்டரை பவர் என்றால் அதுதான் பொருள்: ஒரு மீட்டரை இரண்டரையால் வகுத்தால் 40 செ.மீ., அந்தத் தூரத்தில் உங்கள் கண் எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகப் பார்க்கும். உங்கள் வயதில் மற்றவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி வீடெல்லாம் அலையும்போது, நீங்கள் இருப்பதைக் கழற்றினால் போதும்.

லேசிக் அதை எடுத்துக்கொண்டுவிடும். அந்த ஆபரேஷன் மாற்றுவது கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிவான படலத்தின், வளைவை. உங்களுக்கு ஒரு வருடமாக வந்திருக்கும் தொந்தரவோ, உள்ளே பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வயதால் இறுகிப்போவதால் வருவது. லேசர் அந்த லென்ஸைத் தொடுவதே இல்லை. இரண்டு கண்ணையும் தூரத்துக்குச் சரிசெய்துவிட்டால், தெருவைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம், போனைப் பார்க்க வேண்டும். உங்கள் நண்பரின் வயதை நீங்கள் எழுதவில்லை. முப்பதுக்குப் பக்கத்தில் இருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய ஜென்மக் கணக்கை இன்னும் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கேட்போம்.

லேசிக்குக்கு எதிரி என்று என்னை நினைக்க வேண்டாம். அழகான கண்டுபிடிப்பு அது. ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981இல் நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து எக்சைமர் என்ற புற ஊதா லேசருக்கு அடியில் வைத்தார். பக்கத்துத் திசுவைக் கருக்காமல் கச்சிதமாகச் செதுக்கியது. லேசர் கொண்டு கருவிழியைச் செதுக்கும் முறைகள் அங்கிருந்து வந்தவைதான். இருபதுகளில் இருப்பவர், ஒரு வருடத்துக்கு மேலாகப் பவர் மாறாமல் நிற்கிறது, கருவிழி தடிப்பாக இருக்கிறது, கண் உலர்வதில்லை என்றால் நல்ல வழி. கருவிழியின் மொத்தத் தடிப்பே அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதில் ஒரு டையாப்டருக்கு, அதாவது ஒரு பவருக்கு, சுமார் 12 முதல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை செதுக்குவார்கள். பவர் அதிகமானால் செதுக்குவதும் அதிகம், அதனால்தான் கருவிழியின் தடிப்பையும் அதன் வளைவைக் காட்டும் வரைபடத்தையும் முதலில் எடுக்கிறார்கள். கருவிழி மெலிந்து கூம்பும் அறிகுறி இருந்தால் செய்யவே கூடாது. பவர் மிக அதிகமாக உள்ளவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே கூடுதலாக ஒரு லென்ஸ் வைக்கும் முறையும் உண்டு. ஆபரேஷனுக்கப்புறம் சில மாதம் கண் உலர்வதும், ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் சாதாரணமாகச் சொல்லப்படுபவை. சிலருக்கு அவை போவதில்லை. சோதித்துவிட்டு "உங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிற டாக்டர் கிடைத்தால், அவர் நல்ல டாக்டர்.

உங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விட்டுவைக்கும் ஏற்பாடு ஒன்றைச் சொல்வார்கள். நன்றாகப் பழகியவர்களும் உண்டு, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் திண்டாடியவர்களும் உண்டு. சம்மதிக்கும் முன் அதே ஏற்பாட்டைக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரம் வாழ்ந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

கான்டாக்ட் லென்ஸையே நிரந்தரமாகப் போடுவதென்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. தண்ணீர் படவே கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவுவது, போட்டுக்கொண்டு குளிப்பது, நீந்துவது எல்லாம் அகந்தமீபா என்ற கிருமிக்கு வழி. அபூர்வம்தான், ஆனால் வந்தால் கருவிழியையே தின்றுவிடும். போட்டுக்கொண்டு தூங்குவதும் ஆபத்து.

பாப்பாவைச் சுருக்கி, கிட்டத்தில் படிக்க வைக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில மணி நேரம் வேலை செய்யும், இருட்டில் பார்வை மங்கும், தலைவலியும் வரலாம். கண்ணாடியைக் கழற்றியே படிக்க முடிகிற உங்களுக்கு அது எதற்கு?

பயிற்சி வீடியோக்களைத் தங்கையிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண் முன்னும் பின்னுமாகச் சுமார் 24 மி.மீ. நீளம். ஒரு மில்லிமீட்டர் கூடினால் கிட்டத்தட்ட இரண்டரை டையாப்டர் கிட்டப்பார்வை வரும். உங்கள் கண்ணின் கதை பெரும்பாலும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான். விழியை எட்டுப் போட்டுச் சுழற்றினால் அது குட்டையாகாது. இரண்டு கண்ணையும் கிட்டத்தில் குவிக்க முடியாதவர்களுக்கு டாக்டர் சொல்லித்தரும் பயிற்சி வேறு, அதற்குப் பலன் உண்டு.

மகள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டதால் பவர் ஏறுவதில்லை. வளர்கிற வயதில் கண் நீளுவதால் ஏறுகிறது, கண்ணாடி போடாவிட்டாலும் ஏறும். வேண்டுமென்றே பவரைக் குறைத்துப் போட்டுப் பார்த்த ஆய்விலும் பிள்ளைகளுக்கு நன்மை கிடைக்கவில்லை. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்து கண்ணாடியும் போடாமல் விட்டால், ஒரு கண் சோம்பேறிக் கண்ணாகிவிடக்கூடும், அதைப் பிற்பாடு மீட்பது கஷ்டம். தினமும் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே விளையாட விடுங்கள். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட அது உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வருடத்துக்கு ஒரு பவர் என்ற கணக்கில் வேகமாக ஏறினால், குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தைப் பற்றியும், பிள்ளைகளுக்கென்றே வரும் விசேஷ லென்ஸ்களைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ரேமை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தால் பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கும்.