உகாண்டாவில் அடிபம்பு ஏன் நின்றுபோகிறது?

வணக்கம் ஐயா,

எங்கள் சேவைச் சங்கம் உகாண்டாவில் இரண்டு கிராமங்களுக்கு அடிபம்பு போட்டுத்தர நிதி திரட்டுகிறது. “வெளிநாட்டுக் காசில் போட்ட பம்பெல்லாம் அங்கே சில வருஷத்தில் நின்றுவிடும், ஊர்க்காரர்கள் பராமரிப்பதில்லை” என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா? பணத்தை வேறு எதற்காவது கொடுத்துவிடலாமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இதற்கே கொடுங்கள். ஆனால் ஊர்க்காரர்கள் மேல் பழி போடும் முன், நின்றுபோன பம்பிலிருந்து உருவிய பைப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மரை வெட்டிய இடத்தில்தான் அது இற்றிருக்கும். மரை போடும்போது இரும்புப் பைப்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது, பைப்பின் கனமும் குறைகிறது.

அங்கே பரவலாக உள்ள யூ2 பம்பு, நம் இந்தியா மார்க் 2-இன் வழிவந்தது. 1970களில் யுனிசெஃப் துணையோடு கோவை வட்டாரத்தில் சோதித்து, சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய பம்பு அது. காப்புரிமை கிடையாது, எந்த நாடும் செய்துகொள்ளலாம். நாடுகள் சேர்ந்து செய்த உருப்படியான வேலைகளில் இதை முன்வரிசையில் வைப்பேன். பம்போடு சேர்ந்து ஜி.ஐ. பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போனதுதான் சிக்கல். தண்ணீரின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 6.5-க்குக் கீழே போனால் துத்தநாகப் பூச்சு தாங்காது. ஆப்பிரிக்காவில் பல பகுதிகளின் நிலத்தடி நீர் அப்படிப்பட்டது.

காலையில் முதல் குடம் செம்மண் நிறத்தில் வரும். துணி கறைபடும், சோறு நிறம் மாறும், வாயில் இரும்பு வாடை அடிக்கும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் பழைய ஊற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். பிறகு பைப்பில் ஊசித்துளை விழும். இரவில் தண்ணீர் இறங்கிவிடுவதால் காலையில் வெறுமனே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் மரை விட்டு, பைப்பும் அதன் அடியில் உள்ள சிலிண்டரும் ஆழ்துளைப் போருக்குள் விழுந்துவிடும். இதை எந்த ஊர்க் கமிட்டி பராமரித்துத் தடுக்க முடியும்?

தண்ணீரில் கலந்த இரும்பு, பைப்பிலிருந்து வருகிறதா, நிலத்திலிருந்தா என்று கண்டுபிடிப்பது எளிது. 32 மி.மீ. பைப்பில் மீட்டருக்குச் சுமார் ஒரு லிட்டர் நிற்கும். 30 மீட்டர் என்றால் 30 லிட்டர். இரவெல்லாம் அடிக்காமல் விட்டு, காலையில் வரும் முதல் தண்ணீரில் ஒரு மாதிரி எடுங்கள். பிறகு அதுபோல் பல மடங்கு இறைத்துவிட்டு இன்னொன்று. இரண்டாவதில் இரும்பு வெகுவாகக் குறைந்தால் பைப்தான் குற்றவாளி. குறையாவிட்டால் பைப்பை மாற்றிப் பயனில்லை, இரும்பு நீக்கும் வடிகட்டி வேண்டும்.

உகாண்டா அரசு 2016-இலேயே ஜி.ஐ. பைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே ஒப்பந்தத்தில் எவர்சில்வர் பைப் என்று எழுதுங்கள். 304 தரம் போதும், உப்புத் தண்ணீர் என்றால் 316. உள்ளே போகும் ராடும், பைப்புகளை இணைக்கும் சாக்கெட்டும் அதே உலோகமாக இருக்கட்டும். எவர்சில்வர் பைப்பில் ஜி.ஐ. சாக்கெட் போட்டால் சாக்கெட் இன்னும் வேகமாக அரிக்கும். எவர்சில்வர் என்று சொல்லி மட்டமான சரக்கும் வருகிறது. பைப்பைப் போருக்குள் இறக்கும் முன் தரச் சான்றைக் கேளுங்கள். செலவில் பெரும்பங்கு போர் போடுவதற்கே போகிறது, பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். போர் போட்டதும் பி.எச். பார்த்து, அந்த எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகே பைப்புக்கான தவணையை அனுப்புங்கள்.