கருவிப்பெட்டி: கத்தியும் ரம்பமும் ஒரே பிடியில்

(கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கீழ்ப்பழனி மலையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நம் கருவிப்பெட்டிக்காரர்.)

மலையேற்றத்துக்காக ஆன்லைனில் ஒரு கத்தி பார்த்தேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும், மூடியில் திசைகாட்டி. விலை ஆயிரத்துக்குள்தான். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், தேனி

வேண்டாம் தம்பி. பிடிக்குள் சாமான் வைக்க வேண்டுமென்றால் பிடி கூடாக இருக்க வேண்டும். அப்போது கத்தியின் வால், அதாவது பிடிக்குள் போகும் எஃகுப் பகுதி, முழுதாக இறங்காமல் கழுத்தோடு நின்றுவிடும். விறகைப் பிளக்க இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கழுத்துதான் முதலில் ஆடும்.

முதுகிலுள்ள பல்லுக்கு வருகிறேன். அமெரிக்க விமானப்படை விமானிகளுக்குக் கொடுத்த கத்தியிலும் இப்படி ஒரு பல் வரிசை உண்டு. நொறுங்கிக் கிடக்கும் விமானத்தின் அலுமினியத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்காக வைத்தது அது. மரம் அறுக்க வைத்ததல்ல. அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்கத்தி என்று விற்கிறார்கள்.

ரம்பம் மரத்துக்குள் இறங்க வேண்டுமானால், பல் வெட்டும் தடம் தகட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். ஆசாரி பல்லை ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று லேசாகச் சாய்த்து வைப்பது இதற்குத்தான். நான்கைந்து மில்லிமீட்டர் கனமுள்ள கத்தி முதுகில் நேராகச் செதுக்கிய பல், கட்டைவிரல் பருமன் கிளையிலேயே இறுகி நின்றுவிடும். அப்புறம் பச்சை மரத்தூள் வெளியேற அந்தப் பற்களுக்கு நடுவே இடமும் போதாது. விறகு பிளக்கக் கத்தி முதுகில் கட்டையால் தட்டுவோம் அல்லவா, அங்கே பல் இருந்தால் தட்டுகிற கட்டைதான் சிதையும்.

ஆனைகட்டிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தோப்பு இருக்கிறது. வார இறுதியில் போய்வருவோம். ஒரே பிடியில் ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் ரம்பம் என்று மடக்குகிற கருவி ஒன்றை மகன் வாங்கித் தந்திருக்கிறான். நம்பி வேலை செய்யலாமா என்று எப்படிச் சோதிப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

இது வேறு சாதி. கத்திக்கும் ரம்பத்துக்கும் தனித்தனித் தகடு இருப்பதால் இரண்டையும் அதனதன் வேலைக்கு ஏற்றபடி செய்ய முடியும். சுவிஸ் நாட்டு விக்டோரிநாக்ஸ் மடக்குக்கத்தியில் பெரிய பிளேடின் கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56, மர ரம்பத்துக்கு 53. கத்திக்கு முனை மழுங்காமல் நிற்க வேண்டும். ரம்பப் பல்லுக்கு ஒடியாமல் இருக்க வேண்டும். ஒரே தகட்டின் இரு ஓரங்களில் இரண்டையும் வைப்பவனால் இப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது.

ரம்பத்திலிருந்து தொடங்குங்கள். கட்டட வேலைக்கு விற்கும் காய்ந்த சவுக்குக் கம்பு ஒரு துண்டு போதும். அதோடு தோப்பில் கவாத்து செய்ய வேண்டிய கொய்யாவிலோ பலாவிலோ மணிக்கட்டுப் பருமன் கிளை ஒன்று. முருங்கையில் சோதிக்காதீர்கள், அதில் எந்த ரம்பமும் நல்ல ரம்பம்தான். பெரும்பாலான மடக்கு ரம்பங்கள் இழுக்கும்போது அறுப்பவை. இழுக்கையில் தகடு விறைப்பாக நிற்பதால் மெல்லிசாகச் செய்ய முடிகிறது. தள்ளும்போது அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே கையின் கனத்தை மட்டும் கொடுத்து நீளமாக இழுங்கள். சவுக்கில் முதல் சில இழுப்புக்குள் தடம் விழுந்து, அப்புறம் சீராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் வளைந்து ஓடினால் ஒரு பக்கப் பல்லின் சாய்வு கூடுதலாக இருக்கிறது என்று பொருள்.

பச்சைப் பலாதான் உண்மையான பரீட்சை. பாலும் தூளும் சேர்ந்து பசையாகிப் பல்லுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். நெருக்கமான சின்னப் பல்லுள்ள ரம்பம் அங்கே திணறும், ஆழமான பெரிய பல் தூளைத் துப்பிக்கொண்டே போகும். தகட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் பருமனான கிளையை அதற்குக் கொடுக்காதீர்கள். கிளையின் அடியில் முதலில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு மேலிருந்து அறுங்கள், இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

இதற்குப் பின் கருவியை மடக்கிப் பாருங்கள். ரம்பம் வேலை செய்த நேரமெல்லாம் அந்தத் தூள் கத்தி படுத்திருக்கும் பள்ளத்திலும் இறங்கியிருக்கும். ஈரத்தோடு அது இறுகிவிட்டால் கத்தி முழுதாக உள்ளே போகாது. முனை ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, சட்டைப்பையில் கை விட்டால் தெரியும். இரட்டைக் கருவிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பிடியின் அடிப்பக்கம் திறந்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் தள்ளிவிடலாம். மூடிய பிடி என்றால் எனக்கு ஆகாது.

அடுத்தது லாக், விரித்த தகடு தானாக மடங்காமல் பிடித்து வைக்கும் பூட்டு. இதைப் பக்கத்தில் குழந்தைகள் இல்லாதபோது செய்யுங்கள். தகட்டை விரித்து, மடங்கும் பாதையில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அதன் முதுகை மரப்பலகையில் லேசாகத் தட்டுங்கள். கத்தி, ரம்பம் இரண்டுக்கும் தனித்தனியாக. பல கருவிகளில் கத்திக்கு லாக் இருக்கும், ரம்பத்துக்கு வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். இழுக்கும் ரம்பத்துக்கு அது போதும் என்பார்கள். ஆனால் மரத்தில் சிக்கிய ரம்பத்தை விடுவிக்கத் தள்ளுவோமே, அப்போதுதான் மடங்கி விரலில் விழும். எங்கள் தோட்டத்து மேஸ்திரி லாக் இல்லாத ரம்பத்தைக் கையால் தொடமாட்டார். அவர் வீச்சருவாளை ஓங்கும்போது நான்தான் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், அது வேறு விஷயம்.

கத்தியைச் சோதிக்கக் காகிதம் வெட்டிப் பார்ப்பது கடைக்காரர் வித்தை. தேங்காய் நார்க் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். நாரில் ஒட்டியிருக்கும் மண் எந்த முனையையும் தின்னும். அதன்பின் பழுத்த தக்காளியின் தோலில் வையுங்கள். அழுத்தாமல் இறங்கினால் நல்ல எஃகு. அப்புறம் சவுக்குத் துண்டிலிருந்து மெல்லிய சீவல் எடுங்கள், மழைநாளில் அடுப்பு பற்றவைக்க அதுதான் உதவும். இந்த வேலையில்தான் பிடியின் குற்றம் வெளிப்படும். இரண்டு தகடு இருப்பதால் பிடி தடித்திருக்கும், மூடிய ரம்பத்தின் முதுகு உள்ளங்கையில் அறுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் கை சிறியதென்றால் பத்து நிமிடத்தில் வலிக்கும். சோப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள், கை முன்னால் வழுக்கிப் போகாமல் ஒரு தடுப்பு வேண்டும்.

தனி ரம்பம், தனிக் கத்தி என்று வாங்குவது மேல் இல்லையா?
– வாசகர், காரைக்குடி

தோட்டத்துக்கு மேல்தான். நான் கவாத்துக்குத் தனி மடக்கு ரம்பம்தான் வைத்திருக்கிறேன். ரம்பத்தை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு நான் கயிறு வெட்டலாம். ஒரே கருவி என்றால் ஒருவர் சும்மா நிற்க வேண்டும். இரட்டைக் கருவி ஜீப்பின் முன்பெட்டிக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி எங்கள் மலைவரை வந்தது. அந்த மாதிரி நேரத்தில் பெரிய மரத்துக்கு இயந்திர ரம்பம் வரவேண்டும். அதுவரை வண்டி மேல் கிடக்கும் கிளையை ஒதுக்கவும், சிக்கிய கயிற்றை அறுக்கவும் கைக்கு எட்டிய இடத்தில் ஒன்று இருந்தால் போதும்.

வனத்துறை அனுமதியோடு மலையேறப் போகிறோம். இப்படி ஒரு கருவியை எடுத்துப் போகலாமா?
– வாசகர், மதுரை

போகிற இடம் சரணாலயம் என்றால் எடுத்துப் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று பட்டியலிடுபவற்றில் கத்தியும் உண்டு. 9 அங்குலத்துக்குக் குறைந்த கத்தித் தகடு என்றால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். அது ஆயுதச் சட்ட விதியில் உரிமம் பற்றி வரும் அளவு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காப்புக்காட்டில் கிளை வெட்டுவதும் குற்றம்தான். ஆகவே ரம்பத்துக்கு அங்கே வேலையே கிடையாது. பழம் நறுக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டிக்குள் உறையோடு வையுங்கள்.

ரம்பப் பல் மழுங்கினால் சாணை பிடிக்க முடியுமா?
– வாசகர், தர்மபுரி

பல்லின் நுனி கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கடினப்படுத்தியது. அரம் வழுக்கும், தகட்டை மாற்றத்தான் வேண்டும். வெள்ளையாக இருந்தால் மெல்லிய முக்கோண அரத்தால் பல்லுக்கு ஓரிரு தேய்ப்புப் போதும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். பெரும்பாலும் மழுங்கியிருக்காது, மரத்தின் பால்தான் காய்ந்து ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, கீல் உள்ள இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் அறுக்கவில்லை என்றால் எழுதுங்கள்.