திறக்காத ரைடுக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பதினான்கு வயது. கேளிக்கைப் பூங்கா என்றால் உயிர். எந்த நாட்டில் எந்தப் பூங்கா விரிவடைகிறது, எந்த கம்பெனி எத்தனை பில்லியன் போடுகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் செய்தி வாசிப்பான். தோக்கியோ டிஸ்னிலேண்டில் புதிய ஸ்பேஸ் மவுண்டன் (இருட்டில் ஓடும் ரோலர்கோஸ்டர் ரைடு) 2027இல் திறக்கிறதாம், அந்த ஜூன் பள்ளி விடுமுறைக்குப் போயே ஆக வேண்டும் என்கிறான். மனைவியின் தோழி வழியாக அறிமுகமான ஒருவர் குழுவாக அழைத்துப் போகிறார். ஆளுக்கு 600 வெள்ளி முன்பணம், திரும்பக் கிடைக்காது. பூங்கா டிக்கெட்டும் புதிய ரைடும் 'உறுதி' என்கிறார். பெயர் பதிவுக்கு என்று 200 வெள்ளியைப் பேநவ்வில் அனுப்பிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? ஊரிலிருந்து அம்மாவும் எங்களோடு வருகிறார்.

பதில்: கட்டாதீர்கள். அனுப்பிய 200 வெள்ளியையும் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

அவர் 'உறுதி' என்று விற்பது இன்னும் யாரிடமும் இல்லாத பொருள். தோக்கியோ டிஸ்னி பூங்காக்களில் தேதி போட்ட டிக்கெட்தான். அந்தத் தேதிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் மதியம் 2 மணிக்கு, அதாவது நமக்கு 1 மணிக்கு, விற்பனை திறக்கும். 2027 ஜூன் மாத டிக்கெட் ஏப்ரல் மாதம் வரை உலகத்தில் இருக்காது. நீங்கள் எந்த இணையப் பக்கத்தில் வாங்குவீர்களோ அதே பக்கத்தில்தான் அவரும் வாங்கப்போகிறார். அதுவரைக்கும் உங்கள் 600 வெள்ளி அவருடைய கணக்கில் அவருக்கு வேலை செய்யும். "இப்போது கட்டினால் பழைய விலை" என்பதும் பேச்சுதான். அங்கே நாளுக்கு நாள் விலை மாறும். 2023 அக்டோபரிலிருந்து கூட்டம் அதிகமான நாள்களில் பெரியவர் ஒருவருக்கு 10,900 யென் வரை வாங்கினார்கள். உங்கள் தேதிக்கு என்ன விலை என்பதைப் பூங்கா முடிவு செய்யும். தெரிந்தவரின் தெரிந்தவர் முடிவு செய்ய முடியாது.

சரி, ரைடு? பழைய ஸ்பேஸ் மவுண்டன் 1983 ஏப்ரல் 15 அன்று பூங்காவோடு சேர்ந்து திறந்தது. 2024 ஜூலை 31 அன்று மூடிவிட்டார்கள். அதை முழுவதும் இடித்துக் கட்டப்போவதாக 2022இல் சொன்னபோது 56 பில்லியன் யென் என்று கணக்கு சொன்னார்கள். திறப்பு 2027 என்றார்கள். ஆண்டு மட்டும்தான். ஜூன் என்று அந்த அறிவிப்பில் இல்லை. ஜூன் எங்கிருந்து வந்தது? உங்கள் விடுமுறையிலிருந்து வந்தது. தரகர் அதை எடுத்து அறிவிப்போடு ஒட்டிவிட்டார். ரைடு அதற்கு முன்பே திறந்தாலும் திறக்கலாம், டிசம்பரில் திறந்தாலும் அது 2027தான்.

இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது, பையனிடமும் சொல்லிவையுங்கள். ஜப்பானிய கம்பெனிகள் பல செய்திகளில் நிதியாண்டைப் போடுவார்கள். அது ஏப்ரலில் தொடங்கி மறு ஆண்டு மார்ச்சில் முடியும். அதே டிஸ்னிலேண்டில் பஸ் லைட்இயர் ரைடை மூடிவிட்டு, ரெக்-இட் ரால்ஃப் ரைடு கட்டுகிறார்கள். அது '2026 நிதியாண்டு அல்லது அதற்குப் பிறகு' என்றுதான் அறிவிக்கப்பட்டது. 2026 நிதியாண்டு என்றாலே 2027 மார்ச் வரை கணக்கு. இதை '2026இல் திறக்கிறது' என்று சுருக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதைப் படித்து 2026 டிசம்பருக்கு விமான டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பூங்கா அறிவிப்பு வந்தவுடன் பணம் கட்டுவது, பெண் பார்க்கப் போகிறோம் என்றவுடன் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதைப் போல. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. மலேசியாவின் கெந்திங் ஹைலண்ட்சில் ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் பூங்கா வரும் என்று 2013இல் சொன்னார்கள். 2018இல் அது நீதிமன்றத்துக்குப் போனது, 2019இல் சமரசம் ஆனது. 2022 பிப்ரவரியில் வேறு பெயரில், ஸ்கைவேர்ல்ட்ஸ் என்று திறந்தது. துபாயில் யுனிவர்சல் பூங்காவுக்கு வாசல் வளைவு மட்டும் கட்டி, பூங்கா வராமலே போய்விட்டது. நம் செந்தோசா யுனிவர்சல் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். மினியன் லேண்டும் நிண்டெண்டோ உலகமும் 2019 ஏப்ரலில் ஒரே மூச்சில் அறிவிக்கப்பட்டவை. மினியன் லேண்ட் 2025 பிப்ரவரி 14 அன்று திறந்தது. நிண்டெண்டோ 2025 முடிந்தும் திறக்கவில்லை. இடையில் கொவிட் வந்தது, செலவு ஏறியது, எல்லாம் உண்மை. ஆனால் முன்பணம் கட்டியவருக்குக் காரணம் எதற்கு?

அடுத்து, யார் சொன்ன செய்தி என்று பாருங்கள். டிஸ்னி பெயர் இருப்பதால் எல்லாம் ஒரே கம்பெனி என்று நினைக்கிறோம். தோக்கியோ பூங்காக்களை வைத்திருப்பதும் நடத்துவதும் ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய கம்பெனி. டிஸ்னிக்கு உரிமத்தொகை போகும், அவ்வளவுதான். ஹாங்காங்கில் அரசாங்கமும் டிஸ்னியும் கூட்டு. 2025 மே மாதம் அறிவித்த அபுதாபி பூங்காவைக் கட்டி நடத்தப்போவது மிரல் என்ற அந்த ஊர் கம்பெனி. செந்தோசா யுனிவர்சலும் கெந்திங் சிங்கப்பூருடையது. டிஸ்னி 2023இல் பத்து ஆண்டில் 60 பில்லியன் அமெரிக்க டாலர் போடப்போவதாகச் சொன்ன செய்தியைத் தரகர்கள் இன்றும் காட்டுகிறார்கள். "பார்த்தீர்களா, விலை ஏறப்போகிறது, சீக்கிரம் கட்டுங்கள்." அந்தச் செய்திக்கும் உங்கள் ஜூன் டிக்கெட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தேதி வேண்டுமா, தோக்கியோ பூங்காவின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள். மற்ற எல்லாம் பையனுக்குப் பொழுதுபோக்கு.

'உறுதி' என்ற சொல் எனக்கு அலுத்துப்போய்விட்டது. தோக்கியோவின் இன்னொரு டிஸ்னி பூங்காவான டிஸ்னிசீயில் ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் என்ற புதிய பகுதி 2024 ஜூன் 6 அன்று திறந்தது. 320 பில்லியன் யென் திட்டம். ஆரம்பத்தில் அந்தப் பகுதிக்குள் நுழையவே தனி அனுமதி வேண்டியிருந்தது: செயலியில் இலவச நேரச்சீட்டு எடுக்க வேண்டும், அல்லது பணம் கட்டி முன்னுரிமைச் சீட்டு வாங்க வேண்டும், அல்லது அங்குள்ள ஹோட்டலில் தங்க வேண்டும். அப்போது 'நுழைவு உறுதி' என்று விற்றவர்களிடம் ஓரளவு சரக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். டிஸ்னிசீக்குள் போனவர் யாரும் அந்தப் பகுதிக்குள் நடந்து போகலாம். அதற்குப் பிறகும் 'ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் நுழைவு உறுதி' என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். திறந்து கிடக்கும் கதவுக்கு 80 வெள்ளி! புதிய ஸ்பேஸ் மவுண்டனுக்கும் முதல் மாதங்களில் ஏதாவது சீட்டு முறை வரக்கூடும். வந்தால் அதைப் பூங்காவின் செயலியில், பூங்காவுக்குள் நுழைந்த பிறகு, உங்கள் டிக்கெட்டைக் காட்டி நீங்களேதான் எடுக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இன்று அதை ஒருவர் கையில் வைத்திருக்க வழியே இல்லை.

முன்கூட்டியே பணம் கட்டலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி கேட்டுக்கொண்டு "நிபுணரே கட்டச் சொன்னார்" என்பவர்கள் உண்டு. நடத்தும் கம்பெனியே தேதி போட்டு, தன் பக்கத்திலேயே பதிவு திறந்து, பணத்தையும் தானே வாங்கினால் கட்டலாம். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அப்போதும் தேதி நகரும். நம் மரினா பேயிலிருந்து புறப்படும் டிஸ்னி அட்வென்ச்சர் கப்பல் நல்ல உதாரணம். முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று பதிவு திறந்தார்கள், ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜெர்மனியில் கட்டுமானம் தாமதமானது. முதல் பயணம் 2026 மார்ச் 10 என்று மாறியது. டிசம்பர் பள்ளி விடுமுறை போயே போய்விட்டது. கம்பெனியிடம் நேரடியாகப் பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திரும்ப வாங்கும் வழியும் இருந்தது, வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் இருந்தது. ஆனால் தாத்தா பாட்டிக்குச் சென்னையிலிருந்து எடுத்த மலிவு விமான டிக்கெட்டுக்குக் கப்பல் கம்பெனி பொறுப்பாகுமா? மாட்டாது. அதனால் விதிவிலக்கு கம்பெனிக்கு நேராகக் கட்டும் பணத்துக்கு மட்டும். அதைச் சுற்றி நீங்கள் வாங்கும் விமானம், ஹோட்டல், விடுப்பு எதற்கும் இல்லை. இடையில் ஒரு தரகர் நின்றால், கம்பெனி திருப்பிக் கொடுத்த பணம் உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பது இன்னொரு கதை.

பூங்கா அதிகாரம் கொடுத்த விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், க்ளூக் போல. அவர்களிடம் வாங்குவதில் தவறில்லை. நம் வங்கி அட்டையைத் தோக்கியோ பக்கம் ஏற்காமல் அடம்பிடிக்கும்போது அது சுலபமும்கூட. ஆனால் கேரசெல்லிலும் டெலிகிராமிலும் பாதி விலைக்கு வரும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். திருடிய அட்டையில் வாங்கி விற்பார்கள். அட்டைக்காரர் புகார் கொடுத்ததும் டிக்கெட் செல்லாமல் போகும். வாசலில் நிற்பது நீங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பயணத்துக்கு வருவோம். ஹோட்டலை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் இப்போதே போட்டுவைக்கலாம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: புதிய ரைடு திறக்காவிட்டாலும் இந்தப் பயணம் வேண்டுமா? வேண்டும் என்றால் எடுங்கள். ரைடுக்காக மட்டும் என்றால் பூங்கா நாளும் மாதமும் அறிவிக்கும்வரை காத்திருங்கள். ரைடு திறக்கவில்லை என்பதற்காக வழக்கமான பயணக் காப்பீடு பணம் தராது. அதோடு ஜூன் தோக்கியோவில் மழைக்காலம். அம்மாவின் முழங்கால் எப்படி என்று எனக்குத் தெரியாது, குடையோடு நாள் முழுக்க வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் இந்திய பாஸ்போர்ட் என்றால் ஜப்பான் விசாவை ஊரிலேயே எடுத்துவிடட்டும், இங்கே வந்த பிறகு அலைய வேண்டாம். சிங்கப்பூர் விசாவும் ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்துவிட்டால், தோக்கியோவிலிருந்து திரும்பி வருவதில் சிக்கல். இதை 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிற எந்தத் தரகரும் முன்கூட்டியே சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மனிதருக்கு உரிமம் இருக்கிறதா? சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் பக்கத்தில் பயண முகவர்களின் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் அங்கேயே முடிந்தது. இருந்தாலும் உடனே நிம்மதி அடையாதீர்கள். உரிமம் இருப்பதால் உங்கள் முன்பணம் பத்திரம் என்று பொருள் இல்லை. கடை மூடினால் பணம் போகும். அதற்குத்தான் முகவர் நொடித்துப்போனால் ஈடு தரும் காப்பீடாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். உரிமம் கொடுக்கத் தெரிந்த அமைப்புக்கு, வாடிக்கையாளரின் முன்பணத்தைத் தனியாகப் பூட்டிவைக்கச் சொல்லத் தெரியாதா? ஒவ்வொரு முறை ஒரு கடை மூடும்போதும் 'பயனீட்டாளர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று அறிக்கை வரும். கவனம் எப்போதும் நம் பக்கம் மட்டும்தான்.

இப்போது அந்த 200. பேசித் தீர்க்கலாம் என்று தொலைபேசியில் கூப்பிடாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். 'இந்தத் தேதியில் பேநவ் வழியாக 200 வெள்ளி அனுப்பினேன். பூங்கா டிக்கெட்டும் புதிய ரைடும் உறுதி என்றீர்கள். அந்தத் தேதிக்கு டிக்கெட் விற்பனையே தொடங்கவில்லை. பதினான்கு நாள்களுக்குள் திருப்பி அனுப்புங்கள்.' இவ்வளவு போதும். மனைவியின் தோழி முகம் சுளிப்பார் என்று தயங்க வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், விளம்பரப் படம், பேநவ் ரசீது எல்லாவற்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அவர்கள் கடிதம் எழுதுவார்கள், சமரசம் பேசுவார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போனால் உங்கள் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் வைக்க முடியாது, வேண்டியதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். பதிவதற்கு அவருடைய முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். பேநவ்வில் வந்த பெயரைத் தவிர அவரைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பணம் கேட்கும் செய்தியை அனுப்புவதற்கு முன்பே தோழியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.