வட கொரியா வெடித்தது அணுகுண்டுதானா? - கேள்வி பதில்

வட கொரியா 2006 முதல் 2017 வரை ஆறு முறை அணுகுண்டுச் சோதனை நடத்தியது. ஒவ்வொரு முறையும் "உண்மையா, நாடகமா?" என்ற சந்தேகமும் "நமக்கு என்ன ஆகும்?" என்ற பயமும் சேர்ந்தே கிளம்பின. நில அதிர்வு வரைபடங்களைப் படிப்பதிலேயே பல ஆண்டுகள் கழித்தவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மதுரை வாசகர்: ஐயா, 2006-ல் வெடித்தது அணுகுண்டே அல்ல, சாதாரண வெடிமருந்தை மலைக்குள் அடுக்கிக் கொளுத்தினார்கள் என்று படித்தேன். உண்மையா?

அன்றைக்கு அது நியாயமான சந்தேகம். 4 கிலோ டன் குண்டு என்று சீனாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்). அக்டோபர் 9-ஆம் தேதி வெடித்ததோ 1 கிலோ டன்கூடத் தேறவில்லை. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு சுமார் 15 கிலோ டன். இவ்வளவு சிறிய வெடிப்பை, வேதி வெடிமருந்தா அணுவா என்று நில அதிர்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. காற்றைத்தான் கேட்க வேண்டும்.

புளூட்டோனியம் பிளக்கும்போது கதிரியக்கச் செனான் வாயு பிறக்கிறது. அது எதோடும் ஒட்டாத வாயு. பாறை இடுக்குகளில் நுழைந்து மெல்ல வெளியே வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, சுமார் 7,500 கிலோமீட்டருக்கு அப்பால் கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் அந்தச் செனானின் சுவடு கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துபோகும் வாயு அது. பழைய சரக்காக இருக்க வழியில்லை. குண்டு எதிர்பார்த்த அளவுக்கு வெடிக்கவில்லை என்பது வேறு விஷயம். வெடித்தது அணுகுண்டுதான்.

கோவை கல்லூரி மாணவி: நிலநடுக்கத்தையும் குண்டு வெடிப்பையும் வரைபடத்தில் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

நல்ல கேள்வி, அம்மா. நிலநடுக்கத்தில் பாறையின் இரு பக்கங்கள் எதிரெதிராக வழுக்குகின்றன. அதனால் முதல் அலை வரும்போது சில நிலையங்களில் தரை மேலே எழும்பும், சில நிலையங்களில் கீழே இறங்கும். குண்டு எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளுகிறது. முதல் துடிப்பு எங்கும் மேல்நோக்கியே இருக்கும். வரைபடத்தில் அதுவரை படுத்திருந்த கோடு சட்டென்று நிமிர்ந்து நிற்கும். அதைத் தொடர்ந்து தரையின் மேற்பரப்போடு ஊர்ந்து வரும் நீண்ட அலைகள், நிலநடுக்கத்தில் வருவதைவிட மிக மெலிவாக இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பழகிய கண்ணுக்குச் சில நிமிடம் போதும்.

திருச்சி வாசகர்: 2016-ல் ஹைட்ரஜன் குண்டு என்று அறிவித்தார்களே?

அந்த ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதிச் சோதனை நில அதிர்வு அளவுகோலில் 5.1 என்று பதிவானது. 2013 பிப்ரவரிச் சோதனையும் அதே 5.1. முழு ஹைட்ரஜன் குண்டு வெடித்திருந்தால் அதிர்வு அதைவிட எவ்வளவோ பெரிதாக இருந்திருக்கும். அந்த அறிவிப்பை நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

ஆனால் 2017 செப்டம்பர் 3 வேறு கதை. அளவு 6.3. பெரும்பாலான மதிப்பீடுகள் 100 கிலோ டன்னைத் தாண்டின. 200-ஐத் தாண்டியும் சொன்னார்கள். எட்டு நிமிடம் கழித்து இன்னொரு அதிர்வு, 4.1. அது குண்டு அல்ல; உள்ளே உண்டான வெற்றிடம் சரிந்து விழுந்தது. சோதனை நடந்த மான்டாப் மலையின் சரிவு மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்ததைச் செயற்கைக்கோள் ராடார் படங்கள் காட்டின. ஒரு மலையே இடம் பெயர்ந்த பிறகு "இதுவும் நாடகம்" என்று சொல்வது ஆபத்தான அலட்சியம்.

சென்னை வாசகி: மலை இடிந்தால் கதிர்வீச்சு நம் ஊர் வரைக்கும் வருமா?

வராது. உலகம் முழுக்கக் காற்றை முகர்ந்து பார்க்கும் நிலையங்கள் வலைப்பின்னலாக இருக்கின்றன. 2013-ல் ஜப்பானின் தகாசாகி நிலையம் செனானைப் பிடிக்கவே 55 நாள் ஆயிற்று. கருவிக்கு எட்டும் அளவு, உடம்பைத் தொடும் அளவு அல்ல.

என் கவலை மலையடிவாரத்தில் இருக்கும் கில்ஜு மக்களைப் பற்றியது. மலையில் இருந்து வரும் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்கள். அங்கிருந்து தப்பித் தென் கொரியா வந்தவர்கள், ஊரில் காரணம் தெரியாமல் வந்த நோயைப் 'பேய் நோய்' என்று அழைத்ததாகச் சொல்கிறார்கள். தென் கொரிய அரசு அவர்களில் 80 பேரைப் பரிசோதித்தபோது சிலரின் குரோமோசோம்களில் பாதிப்பு தெரிந்தது. அதற்குச் சோதனைகள்தான் காரணம் என்று உறுதி செய்ய முடியவில்லை. அந்த ஊருக்குள் ஒரு மருத்துவக் குழுவை இன்றுவரை விடவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

சேலம் வாசகர்: 2018-ல் சோதனைச் சுரங்கங்களைத் தகர்த்துவிட்டார்களே?

பத்திரிகையாளர்களைக் கூட்டிவந்து தகர்த்தார்கள். ஆய்வு நிபுணர் ஒருவரையும் அழைக்கவில்லை. மூன்றாம் எண் சுரங்கத்தில் மறுபடி வேலை நடப்பதைச் சர்வதேச அணுசக்தி முகமை 2022-ல் கண்டு சொன்னது.

சிங்கப்பூர் வாசகர்: அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

கைமாறுவதற்கு. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் வட கொரியா, ஈரான், லிபியாவுக்குத் தொழில்நுட்பம் கொடுத்ததாக 2004-ல் விசாரணையில் ஒப்புக்கொண்டு, தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். 2007-ல் இஸ்ரேல் குண்டு வீசி அழித்த சிரியக் கட்டடம், வட கொரிய உதவியோடு எழுந்த அணு உலை என்று அமெரிக்கா சொன்னது. சோதனை நடந்தால் பூமியே காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றும் சரக்குக்கு நில அதிர்வு கிடையாது. வட கொரியா மீதான தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவையும் 2024-ல் ரஷ்யா தன் வீட்டோவால் முடித்துவைத்தது. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

தஞ்சாவூர் வாசகி: மகன் சியோலில் படிக்கிறான். திரும்பி வரச் சொல்லட்டுமா ஐயா?

சோதனைக்காக வரச் சொல்ல வேண்டாம், அம்மா. சியோலில் இருந்து எல்லை 50 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த நகரம் பல பத்தாண்டுகளாகப் பீரங்கிக் குழாய்களின் எதிரே வாழ்கிறது. அதனால் தயாராகவும் இருக்கிறது. சுரங்க ரயில் நிலையங்கள் பலவும் அங்கே பதுங்குமிடங்கள். வாசலில் 'தேபிசோ' என்று கொரிய எழுத்தில் பலகை இருக்கும். இன்றிரவு போனில் பேசும்போது, அவன் அறைக்குப் பக்கத்தில் அந்தப் பலகை எந்த நிலையத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால், நாளைக் காலை வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.